அன்றன்றைக்குரிய விசுவாசம்: கர்த்தரை நம்பி ஒவ்வொரு நாளையும் வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

"கர்த்தரை நம்பு" என்று ஞாயிறு ஆராதனையில் கேட்கும்போது மனம் உடனே ஆமென் சொல்லிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, பட்டர்வொர்த் ஃப்ளாட்டுக்குக் கீழே ஃபேக்டரி பஸ்ஸுக்காக நிற்கும்போது அதே வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரிவதில்லை. கார் கடன் இரண்டு மாதம் பாக்கி. அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மகனுக்கு எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வு வருடம். வேலையிடத்தில் ஆள்குறைப்பு என்று பேச்சு அடிபடுகிறது. இதில் எதை ஆண்டவரிடம் விடுவது, எதை நாம் செய்வது?

மலேசியாவின் பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் வேலை, வீடு, சபை என்று ஓடிக்கொண்டிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வசனங்களை நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தருகிறேன். கத்தோலிக்கக் குடும்பங்கள் திருவிவிலியத்தில் அதே பகுதிகளை எடுத்து வாசிக்கலாம்.

முதலில் ஓர் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் நடந்த இஸ்ரவேலருக்குத் தேவன் மன்னா என்ற உணவைக் கொடுத்தார். ஆளுக்கு ஓமர் என்ற ஓர் அளவு, அதுவும் அன்றைக்கு மட்டும். நாளைக்கும் இருக்கட்டும் என்று சிலர் எடுத்து வைத்தார்கள்; விடிந்தபோது அது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. இப்படியே 40 வருடம் போயிற்று. ஒரு தலைமுறை முழுவதும் தினமும் காலையில் வெளியே போய்க் குனிந்து பொறுக்கித்தான் தேவனை நம்பக் கற்றுக்கொண்டது. இயேசு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தபோதும் இதே அளவைத்தான் வைத்தார்: "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." அந்த ஜெபம் இருக்கும் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம், "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று முடிகிறது.

ஆகவே வாழ்நாள் முழுவதற்கும் தேவையான விசுவாசம் இன்றைக்கே நம்மிடம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. இன்றைக்குத் தேவையானது இருந்தால் போதும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு நாள் அளவை வைத்துத்தான்.

படி 1: கவலையை அப்படியே கர்த்தருக்கு முன் விரியுங்கள்

எசேக்கியா ராஜாவுக்கு அசீரியாவிலிருந்து ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. அவர் அதை வாசித்தார், எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனார், "கர்த்தருக்கு முன்பாக விரித்தார்" என்று 2 இராஜாக்கள் 19-இல் இருக்கிறது. பொதுவாக "ஆண்டவரே, காத்தருளும்" என்று சொல்லிவிட்டு அவர் வரவில்லை. பிரச்சினை எந்தக் காகிதத்தில் இருந்ததோ அந்தக் காகிதத்தையே விரித்தார்.

இதை நீங்கள் வீட்டில் அப்படியே செய்யலாம். இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்த பிறகு, மனதை அழுத்துகிற காகிதங்களை எடுத்து வையுங்கள். டிஎன்பி மின்சார பில், வங்கியிலிருந்து வந்த சிவப்பு எழுத்துக் கடிதம், அம்மாவின் ஆஸ்பத்திரி அட்டை, பள்ளியிலிருந்து வந்த நோட்டீஸ். காகிதம் இல்லாத கவலை என்றால் ஒரு துண்டுத் தாளில் ஒரே வரியில் எழுதுங்கள்: "தம்பி என்னோடு பேசுவதில்லை." கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. பல வீடுகளில் ஒருவருடைய கவலை மற்றவருக்குத் தெரியாமலே வருடங்கள் ஓடிவிடுகின்றன.

பிறகு பேனாவை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறிப்பு எழுதுங்கள். இன்றோ நாளைக் காலையோ நான் செய்ய வேண்டியது என்ன? வேறொரு நாளுக்குரியது என்ன? என் கையில் இல்லவே இல்லாதது என்ன? கார் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குப் போன் செய்து பேசுவது நாளை காலை என் வேலை. வேலை போகுமா போகாதா என்பது என் கையில் இல்லை. ஆனால் பழைய பயோடேட்டாவைத் திருத்தி வைப்பது சனிக்கிழமை செய்யக்கூடியது. மகனின் பரீட்சை மகனுடையது. அவனைத் திட்டாமல், நேரத்துக்குச் சாப்பிட வைத்து, டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவது என்னுடையது.

இப்போது ஜெபியுங்கள். முதல் வகைக்குப் பெலன் கேளுங்கள். இரண்டாவது வகையை அந்த நாள் வரும்வரை தொடாமல் இருக்கக் கிருபை கேளுங்கள். மூன்றாவதைப் பெயர் சொல்லி அவரிடம் கொடுத்துவிடுங்கள். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை எழுதும்போது அவரே காவலில் இருந்தார். கவலையே தெரியாதவர் கொடுத்த புத்திமதி இல்லை இது.

இதைச் செய்தவுடன் பிரச்சினை தீர்ந்துவிடாது. 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் அழுது இருதயத்தை ஊற்றினாள். பிறகு எழுந்து போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று எழுதியிருக்கிறது. அப்போது அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கவில்லை, கர்ப்பமும் தரிக்கவில்லை. முகம் முதலில் மாறிற்று, சூழ்நிலை பிறகுதான் மாறிற்று.

படி 2: காலை நேரத்தைச் சின்னதாக வைத்து, விடாமல் காத்துக்கொள்ளுங்கள்

பினாங்கில் ஏழு மணிக்கு முன் வெளிச்சம் சரியாக வருவதில்லை. தீவுக்குப் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் இருட்டிலேயே கிளம்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள். இந்த வேகத்தில் ஒரு மணி நேரத் தியானம் என்று திட்டம் போட்டால் மூன்றாம் நாளே விட்டுப்போகும். 15 நிமிடம் போதும். இயேசுவும் "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" தனியான இடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் ஊர் முழுவதும் கூடியிருந்தது. அவருக்கும் அது வேலை மிகுந்த காலம்தான்.

அந்த 15 நிமிடத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வரும் தினசரி வசனப் படம் நல்லதுதான், ஆனாலும் அது வேதவாசிப்பு ஆகாது. ஒரு சங்கீதத்தை மெல்ல, முடிந்தால் சத்தமாக வாசியுங்கள். பிறகு நீதிமொழிகளில் ஒரு பகுதி. நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதியைப் பார்த்தே அதிகாரத்தைத் திறக்கலாம். இன்று எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மாதம் மத்தேயு 5 முதல் 7 வரை திரும்பத் திரும்ப வாசிக்கலாம். மலைப்பிரசங்கத்தை ஒரு மாதம் வாசித்தவருக்குக் கவலையைப் பற்றி வேறு புத்தகம் அதிகம் தேவைப்படாது என்பது என் எண்ணம். கடைசியாக, அன்றைக்கு ஒரே ஒரு வசனத்தை எடுத்து எழுதி, ஒரே ஒரு வாக்கியத்தில் ஜெபியுங்கள். சரி, அவ்வளவுதான்.

ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாயான் லெப்பாசில் இரவு வேலை முடித்து வீடு திரும்பும் ஒருவருக்கு நம் காலைதான் இரவு. நீங்கள் எழுந்திருக்கும் நேரம் எதுவோ அதுவே உங்கள் காலை. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று புலம்பல் 3-இல் சொல்லியிருக்கும் இரக்கம் மதியம் மூன்று மணிக்கு எழுந்தவருக்கும் புதிதாகத்தான் இருக்கும். குற்றவுணர்வு வேண்டாம்.

வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசிக்கப் பழக வேண்டும் என்பதில் எனக்கு ஆழ்ந்த அக்கறை உண்டு. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்கி வீட்டுச் சுவரில் ஒட்டுகிறோம். பல வீடுகளில் எரேமியா 29:11 பார்த்திருப்பீர்கள்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று அவர்கள் காத்திருந்தபோது, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நான் கொண்டுபோய் வைத்த "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி" ஜெபம்பண்ணுங்கள் என்று கர்த்தர் சொன்னார். கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இது எவ்வளவு பொருத்தமான கடிதம்! அட்டையில் இருக்கும் ஒரு வரி இந்த வருடமே ஏதோ நடக்கும் என்று எதிர்பார்க்க வைக்கிறது. முழு அதிகாரம், இருக்கிற ஊரில் வேரூன்றி நீண்டகாலம் நம்பச் சொல்லிக்கொடுக்கிறது. அட்டை கிடைத்த அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

படி 3: பகல் முழுவதும் சின்னச் சின்ன ஜெபங்கள்

நெகேமியா ராஜாவுக்கு முன் நின்றபோது, "நீ கேட்கிற காரியம் என்ன" என்று ராஜா கேட்டார். அந்த இடைவெளியில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிட்டுப் பதில் சொன்னார். சில நொடிகள்தான் இருந்திருக்கும். இதைப் பழகிக்கொள்ளலாம். மேனேஜர் கூப்பிட்டால் நாற்காலியிலிருந்து எழும்போது ஒரு வரி. கோபமான வாடிக்கையாளர் லைனில் வந்தால் ஒரு வரி. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர்; வண்டி ஓட்டிக்கொண்டே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபித்து முடித்துவிடலாம்.

வேலையை நேர்மையாகச் செய்வதும் இதில் சேர்ந்ததுதான். கொலோசெயர் 3:23 "மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்" செய்யச் சொல்கிறது. செய்யாத ஓவர்டைமை எழுதிச் சம்பளம் வாங்கிவிட்டு, குறைவுகளை ஆண்டவர் நிறைவாக்குவார் என்று நம்புவது பொருந்தாது.

படி 4: முடிவெடுக்கும்போது

"உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து, உன் வழிகளிலெல்லாம் அவரை நினைத்துக்கொள், அப்பொழுது அவர் உன் பாதைகளைச் செவ்வைப்படுத்துவார்." நீதிமொழிகள் 3:5, 6 நமக்கு மனப்பாடம். சுயபுத்தியின்மேல் சாயாதே என்று சொன்னதே தவிர, புத்தியைப் பயன்படுத்தாதே என்று வசனம் சொல்லவில்லை. அதே நீதிமொழிகள்தான் எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றும், ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் எண்ணங்கள் உறுதிப்படும் என்றும் சொல்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, இங்கே வாங்குவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம். போவதா வேண்டாமா? வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அதற்குப் பதிலாக இப்படிப் போகலாம். இதில் தேவன் வெளிப்படையாக விலக்கியது ஏதாவது இருக்கிறதா? பொய், ஏமாற்று, மற்றவர் வயிற்றில் அடிப்பது இருந்தால் அங்கேயே முடிந்தது. மேற்கொண்டு ஜெபிக்க ஒன்றுமில்லை. இல்லை என்றால், என் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு என்ன ஆகும்? வயதான பெற்றோரை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்? பிள்ளைகள் அப்பாவை மாதத்துக்கு ஒருமுறை பார்த்து வளரப்போகிறார்களா? அப்புறம், என் ஆசையோடு ஒத்துப்போகிறவர்களை மட்டும் கேட்காமல், நேராகப் பேசக்கூடிய இரண்டு பேரிடம் கேளுங்கள். போதகர் ஒருவர், அங்கே போய் வந்தவர் ஒருவர். கடைசியில் எண்களை எழுதுங்கள்: அங்கே வாடகை, சாப்பாடு, வந்துபோகும் செலவு. கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14-இல் இயேசுவே கேட்கிறார்.

இவ்வளவும் செய்து, ஞானம் கேட்டு ஜெபித்த பிறகும் வானத்திலிருந்து சத்தம் வராமல் இருக்கலாம். பெரும்பாலும் வராது. இரண்டு வழியும் நேர்மையானவை என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்" என்று யாக்கோபு சொன்னபடி கையைத் திறந்து வைத்துக்கொண்டு நடங்கள். எடுத்த முடிவை இரவெல்லாம் திரும்பத் தோண்டிப் பார்க்க வேண்டாம்.

படி 5: பணத்தில் நம்புவது

உண்மையான சோதனை இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பேசுவோம்.

2 இராஜாக்கள் 4-இல் ஒரு விதவை எலிசாவிடம் ஓடி வருகிறாள். கணவர் இறந்துவிட்டார், கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். வீட்டில் ஒரு குடம் எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை. எலிசா என்ன சொன்னார்? அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்று. எண்ணெய் பெருகிற்று. பிறகு, போய் அதை விற்று உன் கடனைத் தீர், மீந்ததைக் கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம் பண்ணுங்கள் என்றார். எண்ணெயைப் பெருக்கியது தேவன். பாத்திரம் சேர்த்தது, ஊற்றியது, விற்றது, கடனை அடைத்தது எல்லாம் அவள். கடன் காணாமல் போகவில்லை, அடைக்கப்பட்டது.

கடன் இருக்கிறவர்கள் முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, மாதம் எவ்வளவு. கார், வீடு, கிரெடிட் கார்டு, கடையில் தவணைக்கு எடுத்த ஃப்ரிட்ஜ், அண்ணனிடம் வாங்கியது எல்லாம். கட்ட முடியாத நிலை என்றால் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது. ஆலோசனை இலவசம், வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைக்கவும் உதவுவார்கள். இந்த வாசலுக்குப் போக வெட்கப்பட்டு வட்டி முதலையின் வாசலுக்குப் போகிறவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது. உரிமம் பெற்று வட்டிக்குக் கொடுப்பவர்கூட அடமானமில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. சுவரிலும் விளக்குக் கம்பத்திலும் நம்பர் ஒட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு எந்த வரம்பும் இல்லை. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்று நீதிமொழிகள் 22:7 சொன்னதை, வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்ட குடும்பங்கள் நன்றாக அறியும்.

இன்னொன்று, ஜாமீன் கையெழுத்து. மச்சான் கார் வாங்குகிறார், சபை நண்பர் கடை போடுகிறார், மறுக்க முடியவில்லை என்று போட்டுவிடுகிறோம். நீதிமொழிகள் 6-இன் முதல் ஐந்து வசனங்களை வாசித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். அன்பாக இல்லை என்று சொல்வதும் அன்புதான். கொடுக்க முடிந்ததைக் கொடுத்து உதவுங்கள். இல்லாத பணத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேமிப்பது விசுவாசக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். மன்னாவைச் சேர்த்து வைக்கக் கூடாது என்று சொன்ன அதே தேவன், எகிப்தில் யோசேப்பைக் கொண்டு ஏழு வருடம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கச் செய்தார். வனாந்தரத்தில் விதைக்க நிலமில்லை, ஆகவே மன்னா. கானானுக்குள் வந்து அந்தத் தேசத்து விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாளே மன்னா நின்றுபோயிற்று என்று யோசுவா 5:12 சொல்கிறது. நிலம் கிடைத்த பிறகு உழுது விதைக்க வேண்டும். நம் சம்பளத்திலிருந்து 11 விழுக்காடு இபிஎஃப் என்ற ஓய்வுக்காலச் சேமநிதிக்குப் போகிறது, முதலாளியும் தன் பங்கைப் போடுகிறார். 2024 மே மாதத்திலிருந்து புதிதாகப் போடும் பணத்தில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் விழுகிறது. எடுக்க முடியும் என்பதற்காகவே எடுத்துவிடாமல், அவசரத்துக்கு விட்டு வைப்பது யோசேப்பின் வழி. சேமிப்பு இருக்கட்டும், ஆனால் இரவில் அதை நினைத்துத்தான் தூக்கம் வருகிறது என்றால் நம்பிக்கை இடம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

கொடுப்பதையும் விடாதீர்கள். தசமபாகம் பற்றிச் சபைக்குச் சபை போதனை வேறுபடும்; உங்கள் சபையோடு நில்லுங்கள். கொடுத்தால் பத்து மடங்கு திரும்ப வரும் என்று பேரம்போல் கொடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். சம்பளம் வந்த அன்றே, மற்றச் செலவுக்கு முன், ஒரு பங்கை எடுத்து வைப்பது நல்ல பழக்கம். அது பெரிய தொகையாக இருக்க வேண்டியதில்லை.

படி 6: உடம்புக்கு முடியாதபோது

ஜெபியுங்கள், மூப்பரைக் கூப்பிட்டு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். யாக்கோபு 5 அப்படித்தான் சொல்கிறது. மருந்தையும் சாப்பிடுங்கள். எசேக்கியா வியாதியாய் இருந்தபோது கர்த்தர் குணமாக்குவதாக வாக்குக் கொடுத்தார். அதே மூச்சில் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணின்மேல் போட்டார். சுவிசேஷத்தை எழுதிய லூக்கா பவுலுக்குப் "பிரியமான வைத்தியன்". விசுவாசத்தின் பெயரால் இனிப்புநீர் மாத்திரையையும் இரத்த அழுத்த மருந்தையும் நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய மேடையில் பேசினாலும், கேட்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி மருந்து வாங்க முடிகிற நாட்டில் இருக்கிறோம். அதற்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும்.

படி 7: பதில் வராத காலத்தில்

இதை எழுதாமல் விட்டால் மற்றப் படிகள் எல்லாம் வெறும் வாய்வார்த்தை ஆகிவிடும். ஜெபித்தும் வேலை போகிறது. ஜெபித்தும் அப்பா இறந்துபோகிறார். மகள் வீட்டைவிட்டுப் போகிறாள். அப்போது சபையில் யாராவது "விசுவாசம் பத்தலை" என்று சொன்னால் அது கத்திபோல் இறங்கும். அப்படிச் சொல்லாதீர்கள், உங்களிடம் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் அதைவிடக் கடினம். தொடக்கத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டவர், ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் முடிக்கிறார். ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, ஆலயத்தில் பாடப்பட்டது. அழுவதும் முறையிடுவதும் நம்பிக்கைக்கு எதிரானவை என்றால் இந்தச் சங்கீதங்களுக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது. நம்பாதவர் யாரிடம் போய் முறையிடுவார்?

செய்ய வேண்டியது இதுதான். வாய் வரவில்லை என்றால் இந்தச் சங்கீதங்களில் ஒன்றை உங்கள் ஜெபமாக வாசியுங்கள். சங்கீதம் 56:3-ஐ அடிக்கடி சொல்லுங்கள்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன பிறகு நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் அக்கினிச்சூளைக்கு முன் நின்று, தேவன் விடுவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். பவுல் மூன்று தரம் கேட்டும் அவரை வாட்டிய மாம்சத்தின் முள் எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது.

உடம்பையும் கவனியுங்கள். எலியா சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. சுடப்பட்ட அடையும் தண்ணீரும் வைத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். இருள் நீண்டுகொண்டே போகிறது, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். போதகரிடம், மருத்துவரிடம், அல்லது பெயர்கூடச் சொல்லாமல் பேசக்கூடிய பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசிச் சேவையிடம். எலியாவுக்கு உதவி அனுப்பிய தேவன் இவர்கள் மூலமாகவும் அனுப்புகிறார்.

படி 8: தனியாக நம்ப வேண்டாம்

வீட்டு ஜெபக்கூட்டத்தில் "எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க அக்கா" என்று பொதுவாகச் சொல்வதைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். "வியாழக்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ, அந்த நேரத்தில் நினைச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். கேட்கிறவருக்கும் என்ன ஜெபிப்பது என்று தெரியும், வியாழன் சாயங்காலம் போன் செய்து என்னாச்சு என்றும் கேட்பார். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்பது நடைமுறையில் இப்படித்தான் வரும்.

நம் குடும்பங்களில் பாதிப்பேர் இந்துக்களாக இருப்பார்கள். தீபாவளிக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம், கிறிஸ்மஸுக்கு அவர்கள் வருகிறார்கள். உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் 1 பேதுரு 3:15 சொல்கிற சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்லுங்கள். கேட்காதபோது, சித்தப்பா ஆஸ்பத்திரியில் இருந்தால் முதல் ஆளாகப் போய் இரவு தங்குங்கள்.

படி 9: இரவில் ஒப்படைத்துவிட்டுத் தூங்குங்கள்

படுக்கும் முன் ஐந்து நிமிடம். இன்று கிடைத்தவற்றில் இரண்டு மூன்றைப் பெயர் சொல்லி ஸ்தோத்திரம் சொல்லுங்கள். சரியான நேரத்துக்கு பஸ் வந்தது என்பதும் சேரும். தவறியதை அறிக்கைசெய்து மன்னிப்புக் கேளுங்கள். வீட்டில் யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக" என்று எபேசியர் 4:26 சொன்ன நேரம் ஏற்கனவே தாண்டிவிட்டது, ஆகவே படுக்கும் முன்னாவது பேசி முடியுங்கள். பிறகு 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்." பிள்ளைகளுக்கு இதைச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுங்கள். பாட்டியிடமிருந்து கற்ற இரவு வசனம் ஐம்பது வயதிலும் மறக்காது.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு

ஆறாம் நாளில் மன்னா இரட்டிப்பாகக் கிடைத்தது, ஏழாம் நாள் வெளியே போக வேண்டியதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் எடுத்து வைத்தது கெட்டுப்போகவில்லை. ஆராதனைக்குப் போங்கள், அதோடு ஓய்வும் எடுங்கள். ஞாயிறு முழுவதும் சபைக் கூட்டம், குழுக் கூட்டம், பாடல் பயிற்சி என்று ஓடி, திங்கட்கிழமை களைத்துப்போய் நிற்கும் ஊழியக்காரர்களைப் பார்க்கிறோம். நான் நிறுத்தினாலும் உலகம் ஓடும் என்று ஒப்புக்கொள்வதுதான் ஓய்வுநாள். ஞாயிறும் வேலை என்றால் வேறொரு நாளில் பாதியையாவது அதற்கென்று ஒதுக்குங்கள்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊருக்குப் பயணம், சில நாள் மனமே இல்லை. விட்ட வாசிப்பை எல்லாம் ஒரே நாளில் சேர்த்து முடிக்கப் பார்க்காதீர்கள்; நேற்றைய ஓமரை இன்று பொறுக்க முடியாது. இன்றைக்குத் தேதி 19 என்றால் நீதிமொழிகள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து, அதில் ஒரு வசனத்தை எழுதி, ஒரே ஒரு வாக்கியத்தில் ஜெபித்துவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.